மூன்றாவது கட்டு

ஏமிஸ் எங்கள் ஊருக்கு வாழ வந்த வாரத்தில்தான் அந்தக் கடையைத் தூக்கி நிறுத்தினோம். கையுறை தைத்து விற்கும் ஹாமனுக்கு அவள் இரண்டாம் தாரம். முதல் மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. புதுப் பெண்டாட்டியைப் பழைய குடிசையில் வைக்கக் கூடாது என்று குளிர்காலத்திலேயே என் தச்சுப் பட்டறைக்கு வந்தார் ஹாமன்.

"வைமண்ட், எனக்கு மூணு கட்டு வேணும். ரெண்டு கட்டு கடை, ஒரு கட்டு குடும்பம். மாடி தெருப்பக்கம் ரெண்டடி நீட்டிக்கிட்டு நிக்கணும். எதுத்த கடை துணிக்காரன் காலைல கதவத் தொறந்தா அவன் வயிறு எரியணும்."

தூண் வரிசைக்கும் தூண் வரிசைக்கும் நடுவே இருக்கிற இடத்தை நாங்கள் கட்டு என்போம். ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்து, பட்டறைத் தரையில் கிடத்தி, ஒன்றில் துளையும் மற்றதில் நாக்குமாகச் செதுக்கி, ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கீறல் போட்டு வைத்தேன். எது எதோடு சேரும் என்று கீறலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிச் சந்தைத் தெரு மூலைக்குக் கொண்டுபோனோம். மே மாதம். மழை விட்டிருந்தது. இருபது ஆட்கள் கயிறும் கழியுமாக, தூணும் குறுக்கு மரமும் சேர்ந்த நான்கு சட்டங்களையும் ஒரே நாளில் நிமிர்த்தினார்கள். மேலே முன்னும் பின்னும் ஓடுகிற இரண்டு உத்திரங்களையும் ஒட்டுப் போடாமல், ஒவ்வொன்றையும் ஒரே மரத்தில் எடுத்திருந்தேன். மூன்று கட்டுக்கும் சேர்த்து நாற்பதடி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

ஆட்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தவள் ஏமிஸ். பத்தொன்பது வயது. ஹாமனின் மகன் ஜெர்வஸ், நாலு வயதுப் பிள்ளை, அவளைக் கண்டதும் மரக் குவியலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். யார் கையாலும் சாப்பிடாத பிள்ளை என்று ஊருக்கே தெரியும். அவள் கூப்பிடவில்லை. கீழே கிடந்த ஓர் உத்திரத்தின் மேல் உட்கார்ந்து தன் பாட்டுக்குத் தின்ன ஆரம்பித்தாள். ஒரு துண்டை மட்டும் உத்திரத்தின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தாள். அவன் வந்து எடுத்துக்கொண்டு ஓடினான். அடுத்த துண்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்தாள். அதற்கடுத்ததை இன்னும் பக்கத்தில். நாங்கள் கடைசி மர ஆணியை அடித்து இறங்கியபோது பிள்ளை அவள் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"இவன் எனக்கு. கடைய நீங்களே வெச்சுக்கங்க" என்றாள் ஹாமனிடம்.

அவளுக்கென்று வேறு பிள்ளை பிறக்கவில்லை. ஜெர்வஸ் அந்தக் கடையில்தான் வளர்ந்தான். காலையில் ஜன்னலின் கீழ்ப்பலகையை இறக்கி அடியில் முட்டுக்கால் கொடுத்தால் அதுவே சரக்கு பரப்பும் மேடை, மேல்பலகையைத் தூக்கிக் கட்டினால் அதுவே நிழல். அந்த மேடைக்கு அடியில் உட்கார்ந்து தோல் துணுக்குகளை வைத்து விளையாடுவான். ஏமிஸ் தைக்கக் கற்றுக்கொண்டாள். ஹாமனைவிட அவள் தையல் நெருக்கம். இதை ஹாமன் பீர் உள்ளே போன பிறகு மட்டும் ஒத்துக்கொள்வார்.

ஜெர்வஸுக்குப் பத்தொன்பது ஆனபோது ஹாமன் காய்ச்சலில் இறந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி புருஷன் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அவன் மனைவிக்கு, அவள் உயிரோடு இருக்கும்வரை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் அளவுக்கயிற்றோடு வந்தார்கள். கயிற்றின் ஒரு நுனியைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். அளப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று கட்டு. கடைசிக் கட்டு அவளுக்கு. அடுப்பும் சந்துப்பக்கத்து ஜன்னலும் உள்ள கட்டு.

"என்னங்கய்யா இது, பாலாடைக்கட்டிய அறுக்குற மாதிரி அளக்குறீங்க?" என்றாள் ஏமிஸ்.

"அம்மா, அடுப்பு உன் பங்குல போயிடுச்சு. இனிமே நான் கஞ்சி குடிக்கணும்னா உன்கிட்ட உத்தரவு வாங்கணுமா?" என்றான் ஜெர்வஸ்.

"கதவத் தட்டிட்டு வா. கால அலம்பிட்டு வா."

பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். சாவு விழுந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு.

கைம்பெண் மறுகல்யாணம் செய்துகொண்டால் அந்தப் பங்கு போய்விடும். அதனால் அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் மனைவி அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தாள். சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு ஏமிஸின் சந்து ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் போய் உட்காருவேன். அவள் உள்ளே தைத்துக்கொண்டிருப்பாள். ஊர்க்கதை பேசுவோம். எழுந்து வந்துவிடுவேன். அதுவே போதும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜெர்வஸ் இடோனியைக் கட்டிக்கொண்டான். பாலத்தடியில் தோல் பதனிடுகிறவர் மகள். வாய் நீளம், சிரிப்பும் பெரிது, வேலையில் சுறுசுறுப்பு. மாமியாருக்கும் மருமகளுக்கும் ராத்திரி அடுப்புத் தணலை யார் மூடிவைப்பது, கஞ்சியில் உப்பு யார் போடுவது என்று சண்டை வரும். மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஒருத்தி போட்ட உப்பின் மேல் இன்னொருத்தியும் போட்டுவிட்டு, ஜெர்வஸ் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து இருவரும் சேர்ந்து சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு ஆற்றில் கல்பாலம் முடிந்தது. வடக்கிலிருந்து வரும் வண்டிகள் எல்லாம் அந்த வழியே போக ஆரம்பித்தன. சந்தைத் தெருவில் கூட்டம் குறைந்தது. இடோனியின் அப்பா பாலத்தை ஒட்டியிருந்த தன் மனையில் கடை வைத்துக்கொள்ளச் சொன்னார். புதிதாகக் கட்ட ஓக் மரம் கிடைக்காத காலம் அது. காட்டை மடத்துக்காரர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டைப் பிரித்து எடுத்துப்போவது புதிதல்ல. மர ஆணிகளைத் தட்டி எடுத்து, கீறல்களைப் பார்த்து, வேறு இடத்தில் மறுபடி நிறுத்திவிடலாம்.

"எல்லாரும் போறோம்மா. நீ, நான், இடோனி, அடுப்பு, பூனை" என்று ஜெர்வஸ் சொன்னபோது ஏமிஸுக்குச் சந்தோஷம்தான். ஆறு பார்க்கலாம் என்றாள். பாலத்தில் போகிற ஆட்களின் கையை எல்லாம் பார்த்து அளவு சொல்லலாம் என்றாள்.

நான்தான் அவளிடம் சொன்னேன்.

"ஏமிஸ், அந்த மண்ணு இடோனி அப்பனோடது. அங்க போயிட்டா உனக்கு மூணுல ஒண்ணுங்கிற பேச்சே கெடையாது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ அடுத்தவன் வீட்டுல நிக்கிறவ. போறதுக்கு முன்னால ஒரு எழுத்து வாங்கிக்க."

தப்பான புத்திமதி இல்லை. யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவளும் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கேட்டாள். அப்போது நான் கடைக்குள் எந்தத் தூண் உளுத்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்தா? யாருகிட்ட?" என்றான் ஜெர்வஸ்.

"உன்கிட்டதான். பெரியவங்க ரெண்டு பேர் முன்னால."

"அம்மா, நான் உன் மகனா, இல்ல ஊரானா?"

"மகன்தான். மகன்னா எழுதிக் குடுக்க என்ன பயம்?"

"பயமில்ல, அசிங்கமா இருக்கு. என் அம்மா என்னை நம்பலன்னு மாமனார்கிட்ட போய்ச் சொல்லணுமா?"

"உன்னை நம்பாம இல்லடா. நீ இல்லாத ஒரு நாள் வந்தா?"

"நான் சாகுற நாளக்கூட யோசிச்சு வெச்சுட்டியா?"

இடோனி நடுவில் வந்தாள். "அத்தை, எங்கப்பா என்ன உங்களத் தெருவுலயா விட்டுடுவாரு?"

"உங்கப்பன் தோலு உரிக்கிறவன். எதை முழுசா விட்டிருக்கான்?"

ஏமிஸ் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் இடோனியின் முகம் சிவந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்து ஜெர்வஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

"பெத்தவளா இருந்தா இப்படிக் கேட்டிருப்பாளா?"

நான் தூணைத் தட்டுவதை நிறுத்தினேன். ஏமிஸ் கையில் தோல் அறுக்கும் கத்தி இருந்தது. அதை இடுப்பில் கட்டியிருந்த துணியில் இரண்டு பக்கமும் துடைத்தாள். வைக்கவேண்டிய இடத்தில் வைத்தாள்.

"சரி. உன் ரெண்டு கட்ட எடுத்துக்கிட்டுப் போ. என் கட்டத் தொடாத."

மறுநாள் ஒருவர் இறங்கி வருவார் என்று நினைத்தேன். மறுநாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே என் மூலமாகப் பேசினார்கள். அவன் கேட்கிறான், அவள் சொல்கிறாள் என்று நான் பத்தடி தூரத்துக்குத் தூது போனேன்.

பிரிக்கிற நாள் வந்தது. மூன்று கட்டுக்கு நான்கு சட்டம். அவளுடைய கட்டுக்கும் அவனுடைய கட்டுக்கும் நடுவில் இருக்கிற சட்டம் இரண்டுக்கும் பொது. அதை எடுத்தால் அவளுடைய கட்டு விழும். விட்டால் அவனுக்கு ஒரு சட்டம் குறையும். ஜெர்வஸிடம் சொன்னேன்.

"அது அவங்களுக்கே இருக்கட்டும். எனக்குப் புதுசா ஒண்ணு செஞ்சிடுங்க" என்றான். அவளை அவன் 'அவங்க' என்று சொல்லி நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

இரண்டு கட்டின் கூரையும் சுவரும் இறங்கின. ஏமிஸ் தன் கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கடைசியில் மேல் உத்திரம் மிச்சம். தெருப்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நாற்பதடியும் ஒரே மரம். அதை அறுக்காமல் வீடு பிரியாது. இரண்டு பேர் இழுக்கும் ரம்பம் வேண்டும். என் கூட்டாளி, "இந்தப் பாவத்துல என்னைச் சேக்காத" என்று ஏணியை விட்டு இறங்கிப் போய்விட்டான். ஜெர்வஸ் ஏறி வந்து மறுமுனையைப் பிடித்தான்.

பாதி அறுத்திருப்போம். அவன் இழுப்பதை நிறுத்தினான்.

"அவங்க உள்ளயா இருக்காங்க?"

"உள்ளதான்."

கீழே அந்தக் கதவைப் பார்த்தான். ரம்பத்தூள் அவன் புருவமெல்லாம் ஒட்டியிருந்தது.

"தச்சரே, நிறுத்திடலாமா?"

"நீ சொல்லு, நிறுத்துறேன்."

காத்திருந்தோம். தெருவில் ஒரு வண்டி போனது. எதிர்க்கடைத் துணிக்காரன் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தான். கதவு திறக்கவில்லை. ஜெர்வஸ் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி இழுக்க ஆரம்பித்தான்.

பல மாதம் கழித்து ஏமிஸ் என்னிடம் சொன்னாள். "ரம்பச் சத்தம் நின்னதும் நான் தாழ்ப்பாள்ல கைய வெச்சேன். கூப்பிடுவான்னு நின்னேன். ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிட்டிருந்தா போதும், தச்சரே. அந்த எழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மிச்சமிருந்த கட்டு, பக்கத்தில் அறுத்து எடுத்த ரொட்டியின் கடைசித் துண்டு மாதிரி தெரு மூலையில் நின்றது. திறந்துகிடந்த பக்கத்தில் பிளந்த கழிகளை நிறுத்தி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தேன். உத்திரம் அறுபட்டதால் கட்டுக்குப் பிடிமானம் இல்லை. இரண்டு முட்டுக்கட்டை கொடுத்தேன். ஏமிஸ் சந்து ஜன்னலைத் திறந்து வைத்துத் தனியாகக் கையுறை விற்றாள். ஊரில் சிலர் 'அரைவீட்டு ஏமிஸ்' என்றார்கள். "அரை இல்ல. கணக்கு ஏறாத மண்டைக்கு மூணுல ஒண்ணுன்னு சொல்லத் தெரியாதா?" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுவாள்.

பாலத்தடியில் இரண்டு கட்டையும் நிறுத்தி முடித்த அன்று ஜெர்வஸ் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மூணாவது கட்டும் போட்டுடுங்க."

"மரம்?"

"எல்ம் மரம் கொஞ்சம் மாமனார்கிட்ட கெடக்கு. அது போதும். அடுப்பு அதே பக்கம் இருக்கணும். ஜன்னல் அதே அளவு. பலகை அதே உயரம், முழங்கை ஊனித் தைக்கிறதுக்கு. யாருக்குன்னு கேக்காதீங்க."

"கேக்கல."

"அவங்ககிட்ட சொல்லவும் வேணாம். நான் கூப்பிட்டா எழுத்தக் கொண்டான்னு நிப்பாங்க. அவங்களா ஒரு நாள் வருவாங்க. வந்து பாக்கட்டும்."

கட்டிக் கொடுத்தேன். ஆற்றைப் பார்த்த ஜன்னல். அறையைப் பூட்டிவைத்தான். சனிக்கிழமை தோறும் இடோனி உள்ளே போய்ப் பெருக்கிவிட்டு வருவாள். ஈரம் ஏறாமல் இருக்க அவ்வப்போது அடுப்பு மூட்டுவாள். அதில் ஒரு நாளும் யாரும் சமைக்கவில்லை.

இரண்டு குளிர்காலம் போயின. சந்தைத் தெருவுக்கு வர நேர்ந்தால் ஜெர்வஸ் எதிர்ப்பக்கமாகவே நடப்பான். ஆனால் கண் முட்டுக்கட்டையில் இருக்கும். ஒருமுறை பெருங்காற்று அடித்து ஓய்ந்த காலையில் முட்டுக்கட்டைகளைப் பார்க்கப் போனேன். அடியில் புதிதாக ஆப்பு அடித்து இறுக்கியிருந்தது. நான் செதுக்குகிற ஆப்பு இல்லை அது. தச்சுவேலை தெரியாத கை, தோல் அறுக்கும் கத்தியால் சீவிய ஆப்பு. எனக்குப் புரிந்தது. அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரியில் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது.

"பொண்ணாமே?" என்றாள் ஏமிஸ்.

"ஆமா."

"யாரு மாதிரி?"

"பொறந்த புள்ள யாரு மாதிரி இருக்கும்? உரிச்ச முயல் மாதிரி இருக்கு."

சிரித்தாள். பிறகு ஊசியில் நூல் கோக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று நல்ல உடையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். அவர்களோ, கூப்பிடாமலே அவள் வருவாள் என்று காத்திருந்தார்கள்.

மெழுகுத்திரித் திருநாளன்று, பிப்ரவரி தொடக்கத்தில், பூசை முடிந்து ஜெர்வஸ் என் பட்டறைக்கு வந்தான். மரச்சுருள் மேல் உட்கார்ந்தான்.

"தச்சரே, நீங்களே சொல்லிடுங்க."

"எதை?"

"அந்த ரூமப் பத்தி. எழுத்தும் குடுக்குறேன். பாதிரியார் முன்னாலயே குடுக்குறேன். எம் பொண்ணத் தூக்குறப்பல்லாம் தோணுது, நான் எப்படி அந்த வார்த்தையச் சொன்னேன்னு. அந்த வாசல்ல போய் நிக்க எனக்குக் கால் வரல. நீங்க தினமும் போறவர்தானே. சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன்.

அன்று சாயங்காலமே போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் கட்டைவிரல் துண்டுகளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன தச்சரே, முகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"குளிரு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன். மறுநாளும் போனேன். சேற்றுக்காலம் முடியட்டும், சாமான் தூக்க வசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மறுநாள் வேறு ஒரு காரணம். எனக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பேச ஆள் இல்லை. அவள் பாலத்தடிக்குப் போய்விட்டால் மருமகள், பேத்தி என்று அவளுக்கு வீடு நிறைந்துவிடும். அங்கே ஜன்னலுக்கு வெளியே எனக்கு ஒரு பெஞ்சு யாரும் போட்டுவைக்க மாட்டார்கள். இதை அப்போது நான் இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

தவக்காலத்தில் ஜெர்வஸ் கேட்டான். "சொன்னீங்களா?"

"சொன்னேன். யோசிக்கிறா" என்றேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். மரம் காய்ந்துவிட்டது என்பேன், நாளைக்கு முடிந்துவிடும் என்பேன். இது அந்தக் கணக்கில் சேராது. அவன் தலையை ஆட்டிக்கொண்டு, "யோசிக்கட்டும். அவசரமில்ல" என்றான். அவன் முகத்தில் தெரிந்த நம்பிக்கையைப் பார்த்தும் எனக்கு வாய் வரவில்லை. ஈஸ்டருக்கு அவர்கள் அந்த அறைக்குப் புது வைக்கோல் மெத்தை போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஜூனில் கொள்ளைநோய் வந்தது. படகுக்காரர்களிடம் ஆரம்பித்து முதலில் பாலத்தடியைத்தான் பிடித்தது. ஒரு மத்தியானம் நான் முட்டுக்கட்டையை மாற்றிக்கொண்டிருந்தேன். இடோனி தலையில் துணிகூட இல்லாமல் ஓடிவந்தாள். மூன்று வருஷத்தில் அந்த வாசலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"அத்தை, வாங்க. அவருக்கு..." என்றாள்.

ஏமிஸ் மடியிலிருந்த தோலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். ஜன்னலைச் சாத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. நாற்பதைத் தாண்டியவள் பாலம்வரை ஓடினாள். நான் பின்னால் போனேன்.

அந்த வீட்டுக்குள் அவள் அதற்கு முன் காலெடுத்து வைத்ததில்லை. ஆனால் வழி கேட்கவில்லை. படி எங்கே என்று தெரியும், எந்தப் படியில் தலை இடிக்கும் என்று தெரியும். குனிந்து ஏறினாள். மாடியில் அதே தெருப்பக்கத்து அறை, அதே தூண்கள். ஜெர்வஸ் படுத்திருந்தான். கழுத்தின் இரண்டு பக்கமும் வீங்கி வாய் திறக்க முடியவில்லை. நினைவு தெளிவாக இருந்தது. அவளைப் பார்த்தான். கண்ணிலிருந்து நீர் காதுவரை வழிந்தது.

"வந்துட்டேன்டா. பேசாத. பேசாத" என்று அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் கையைத் தூக்கினான். கீழே, தரையை, ஆற்றுப்பக்கத்து மூலையைக் காட்டினான். மறுபடி காட்டினான்.

"தண்ணியா?" கீழே போய்க் குளிர்ந்த தண்ணீர் மொண்டு வந்து துணியில் நனைத்து உதட்டில் வைத்தாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். மறுபடி அதே பக்கம் காட்டினான். "ஜன்னலா? வெளிச்சம் கண்ணுல படுதா?" ஜன்னலைச் சாத்தினாள். "குழந்தையா? குழந்தைய இடோனி அப்பா வீட்டுல விட்டிருக்கா. நல்லா இருக்குடா." அவன் மறுபடி காட்டினான். நான் படியின் தலைப்பில் நின்றுகொண்டிருந்தேன். அவன் கண் என் பக்கம் வந்தது. அவன் என்ன காட்டுகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் என்னையே பார்த்தான். இவள் ஏன் தெரியாதவள் மாதிரி கேட்கிறாள் என்று அந்தப் பார்வை கேட்டது. நான் படியிறங்கிக் கீழே போய்விட்டேன்.

பொழுது சாய்வதற்குள் அவன் இறந்தான்.

அடக்கம் முடிந்து வந்ததும் இடோனி ஏமிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நீங்க திரும்பிப் போகாதீங்க. உங்க ரூம்லயே இருங்க."

"என்ன ரூம்?"

இடோனி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "தச்சர் சொல்லலையா? பிப்ரவரியிலயே சொல்லிட்டாருன்னாரே அவரு. நீங்க யோசிக்கிறதாச் சொன்னாருன்னு..."

பூட்டைத் திறந்தாள். ஏமிஸ் உள்ளே போனாள். அடுப்பு, பெருக்கிய தரை, வைக்கோல் மெத்தை. ஜன்னல் பலகையை இறக்கி அதன்மேல் முழங்கையை வைத்துப் பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது. பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னை நீ என்று சொன்னதில்லை.

"தெரியும். கட்டினதே நான்தான்."

"சொல்லச் சொன்னானா?"

"சொன்னான்."

"எப்போ?"

"மெழுகுத்திரித் திருநாளுக்கு."

மனதுக்குள் மாதங்களை எண்ணினாள் போலிருக்கிறது.

"கைய நீட்டி நீட்டிக் காட்டினான்" என்றாள். "நான் தண்ணி குடுத்தேன்."

என்னிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஏமிஸ் அந்த அறையிலேயே தங்கினாள். இடோனியும் அவளும் சேர்ந்து கடையை நடத்தினார்கள், பிள்ளையை வளர்த்தார்கள். உப்புக்குச் சண்டை போட்டார்கள். சந்தைத் தெருவில் மிச்சமிருந்த கட்டு இனி ஆபத்து என்று ஊர்ப் பெரியவர்கள் பிரிக்கச் சொன்னார்கள். நான் தனியாகவே பிரித்தேன். மரம் இன்னும் நூறு வருஷத்துக்குத் தாங்கும் மரம்.

பாலத்தில் போகிறவர்கள் எல்லோரிடமும் அவள் பேசுவாள். கையைப் பார்த்தே அளவு சொல்லுவாள். நான் வந்தால் பாதிப் பேச்சில் குனிந்து தைக்க ஆரம்பித்துவிடுவாள். கோபமாகக்கூடப் பார்க்க மாட்டாள். ஒருமுறை அவள் ஜன்னல் பலகையின் கீல் உடைந்தது. அதற்கு ஆறு மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து வேறு தச்சனை வரவழைத்தாள். அவன் சரியாகப் பொருத்தவில்லை. பலகை இடது பக்கம் ஒரு விரல் அளவு சாய்ந்து நின்றது. வைத்த ஊசி உருண்டு உருண்டு கீழே விழும். அவள் குனிந்து எடுப்பாள், மறுபடி வைப்பாள். ஒன்பது வருஷம் அப்படியே தைத்தாள். ஒரு ஆப்பு போதும். எனக்கு அரை நாழிகை வேலைகூட இல்லை அது.